படகுக் கணக்கு: எதை விடலாம், எதை விடக் கூடாது?

ராமேஸ்வரம் பகுதியிலிருந்து விசைப்படகு உரிமையாளர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், படகு எண் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் மரத்தில் கட்டிய இழுவைமடிப் படகு ஒன்று இருக்கிறது. 2025-26 நிதியாண்டில் 105 நாள் கடலுக்குப் போயிருக்கிறது. சராசரியாக ஒரு நாள் விற்பனை 80,000 ரூபாய். இறாலும் கணவாயும் ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கே போகின்றன. அந்த 50,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துவிடும். நண்டு, மற்ற மீன், சங்காயம் (கழிவு மீன்) எல்லாம் உள்ளூர் வியாபாரிக்கு. அந்த 30,000 ரொக்கம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று கடல் செலவு 35,000 போக, மிச்சம் 45,000 ரூபாயில் படகுக்கு 60, ஆட்களுக்கு 40 என்று பங்கு. இப்படி ஆண்டு முழுதும் படகுப் பங்காகச் சுமார் 28 லட்சம் வந்தாலும், வலை, பலகை, இன்ஜின் வேலை, கடன் வட்டி எல்லாம் போய்க் கையில் நின்றது 4 லட்சம்தான் என்கிறார்.

அவர் கேள்விகள் இவை. மீன்பிடி விவசாயம் மாதிரிதானே, வரி எதற்கு? இரண்டு கோடி வரை கணக்கே எழுத வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? கம்பெனி ஏஜென்ட் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிப் போகிறார், போடலாமா? கரையில் மீன் கணக்கெடுக்க வந்தவரிடம் பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன், தப்பா? ரொக்கம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வியாபாரி ஒரே நாள் சரக்குக்கு மூன்று பெயரில் சீட்டு போடுகிறாரே, சரியா? போன ஜூனில் அதே வியாபாரியிடம் 3 லட்சம் ரொக்கமாக முன்பணம் வாங்கினேன், சிக்கல் வருமா? ஜிஎஸ்டி எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்க வேண்டுமா? இவற்றோடு, அமெரிக்காவில் அலாஸ்கா மீன்பிடிப் படகுகளுக்குப் பொருளாதார அறிக்கை கொடுப்பதை நீக்கிவிட்டார்கள் என்று மருமகன் அனுப்பிய செய்தியையும் குறிப்பிட்டு, 'நமக்கு மட்டும் ஏன் ஒரே மீனை இத்தனை பேருக்குக் கணக்குக் காட்டும் நிலைமை?' என்று முடித்திருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் அலுப்பு நியாயமானது. கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதி டோக்கனை வாங்க ஒரு விவரம், கரையில் கணக்கெடுப்பவருக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, வரித் துறைக்கு ஒன்று என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்ததில் ஒன்று தெரிகிறது: இந்த ஐந்தையும் நீங்கள் ஒரே பயத்தோடு பார்க்கிறீர்கள். சலுகை கிடைத்த இடத்தில் பயப்படுகிறீர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். சட்டம் குறைத்திருப்பது நீங்கள் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டிய கணக்கை. உங்களிடம் இருக்க வேண்டிய கணக்கை அது குறைக்கவில்லை.

அலாஸ்கா செய்தியில் பாதி சரி. அங்கே 2005இல் நண்டுப் பிடிப்பைப் பங்கீட்டு முறைக்கு மாற்றியபோது, அந்த முறையால் யாருக்கு லாபம், யாருக்கு வேலை போனது என்று பார்ப்பதற்காகப் படகுக்காரர்களும் பதப்படுத்தும் ஆலைகளும் ஆண்டுதோறும் செலவு, கூலி, வருவாய் விவரம் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். பிறகு வேறு சில மீன்பிடிப்புகளுக்கும் அது விரிந்தது. 2023இல் அலாஸ்கா வளைகுடா இழுவைப் படகுகளுக்கான அறிக்கை நீக்கப்பட்டது. நண்டுப் படகுகளுக்கு அப்போது அறிக்கை நீக்கப்படவில்லை. அதை வெளித் தணிக்கையாளர் வந்து சரிபார்க்கும் ஏற்பாடு மட்டும் போனது. அது நிர்வாக முறையின் விளைவை அளக்கும் அறிக்கை. அதனால் அங்கே யாருடைய வருமான வரிக் கணக்கும் மாறவில்லை. நம் கரையில் படகு வாரியாக ஆண்டுச் செலவுக் கணக்கை மீன்வளத் துறைக்குக் கொடுக்கும் கட்டாயம் இல்லை. ஆகவே அவர்களுக்கு நீக்கியது உங்களுக்கு முதலிலிருந்தே இல்லாத ஒன்று.

மீன்பிடி வருமானம் விவசாய வருமானம் அல்ல

வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானம் என்றால் நிலத்திலிருந்து வருவது. கடலில் பிடித்த மீன் அதில் வராது. அது தொழில் வருமானம். 'மீனவருக்கு வரி கிடையாது' என்று கரையில் சொல்வதற்கு ஒரு மூலம் இருக்கிறது. மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கங்களின் மீன்பிடி வருமானத்துக்கு, சில நிபந்தனைகளோடு, வரிக் கழிவு உண்டு. அது சங்கத்துக்கு. சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நீங்கள் உங்கள் சொந்தப் படகில் சம்பாதித்ததற்கு அது ஒட்டாது.

அடுத்த தவறு இன்னும் முக்கியமானது. 'என் விற்பனை 28 லட்சம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பங்கு. மீனை விற்றதும் பணத்தை வாங்கியதும் நீங்கள். ஆட்களுக்குக் கொடுத்த 40 பங்கு உங்கள் செலவு. எனவே சட்டத்தின் பார்வையில் உங்கள் விற்பனை 105 நாளுக்கு 80,000 வீதம் 84 லட்சம். இந்த எண்ணுக்கு ஒரு விளைவு உண்டு. தொழில் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினால், லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். இதுவரை தாக்கல் செய்ததில்லை என்கிறீர்கள். இந்த ஆண்டு முதல் அதற்கு இடமில்லை.

சரி, கணக்கு எழுத வேண்டாமா?

பழைய சட்டத்தின் 44ஏடி பிரிவைத்தான் உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 2 கோடி வரை உள்ள சிறு தொழிலுக்கு உத்தேச லாப முறை. ரொக்க வரவு மொத்த வரவில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 3 கோடி. வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் அந்தக் கூடுதலைக் காட்ட வேண்டும். இந்த முறையில் போனால் கணக்குப் புத்தகத்தை வரித் துறைக்குக் காட்ட வேண்டியதில்லை, தணிக்கையும் வேண்டாம். ஐடிஆர்-4 படிவம் போதும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். வங்கி வழி 52.5 லட்சம், அதில் 6 சதவீதம் 3.15 லட்சம். ரொக்கம் 31.5 லட்சம், அதில் 8 சதவீதம் 2.52 லட்சம். ஆக மொத்தம் 5.67 லட்சம் உத்தேச லாபம். 'கையில் நின்றது 4 லட்சம், 5.67 லட்சத்துக்கு வரி கட்டவா?' என்று கேட்பீர்கள். கட்ட வேண்டாம். 2025-26 ஆண்டுக்குப் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம். வேறு பெரிய வருமானம் உங்களுக்கு இல்லை என்று எழுதியிருப்பதால், தாக்கல் செய்ய வேண்டும், கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

உள்ளதை உள்ளபடி 4 லட்சம் என்றே காட்டலாமே என்றால், காட்டலாம். ஆனால் அதற்கு முழுக் கணக்குப் புத்தகம் வேண்டும்; அதை எழுத ஆள் வேண்டும்; அவருக்குச் சம்பளம் வேண்டும். வரி இரண்டு வழியிலும் பூஜ்யம்தான். மேலும் ஒருமுறை உத்தேச முறையில் நுழைந்துவிட்டு, அடுத்த 5 ஆண்டுகளுக்குள் குறைந்த லாபம் காட்டி வெளியே வந்தால், அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு அந்த வாசல் மூடியிருக்கும். அந்த ஆண்டுகளில் வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் கட்டாயம்.

வெளியே நிற்பது லாபமாக இருக்கும் சூழ்நிலை ஒன்று உண்டு. இன்ஜின் போய், படகு பல மாதம் கரையில் கிடந்து, உண்மையிலேயே பெரிய நட்டம் வந்த ஆண்டு அது. முழுக் கணக்கு இருந்தால், கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், தொழில் நட்டத்தை 8 ஆண்டுகள் வரை அடுத்தடுத்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மரப்படகுக்கு ஆண்டுக்கு 20 சதவீதத் தேய்மானமும் கேட்கலாம். உத்தேச முறையில் அந்தத் தேய்மானம் கழிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வார்கள். பின்னால் படகை விற்கும்போது புத்தக மதிப்பு குறைந்து, விற்ற விலையில் பெரும்பகுதி லாபமாகத் தெரியும். உங்கள் படகு பழையது என்பதால் இது உங்களைப் பெரிதாகத் தொடாது. என் கருத்து: இந்த ஆண்டு உத்தேச முறையிலேயே போங்கள். வங்கிக் கடன் கேட்கும்போது 5.67 லட்சம் காட்டிய படிவம் உங்களுக்கு உதவவே செய்யும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. உத்தேச லாப முறை தொடர்கிறது. 2025-26இல் சம்பாதித்ததற்குப் பழைய சட்டமே பொருந்தும். உங்கள் கணக்கரிடம் எண்ணைச் சொல்லாமல் 'உத்தேச லாப முறை' என்று சொன்னாலே போதும்.

ஒரு நாள் கடலுக்கு ஒரு பக்கம்

கணக்கு காட்ட வேண்டாம் என்றால் நோட்டு எதற்கு என்று தோன்றும். வரித் துறை நாளை '84 லட்சம்தான் விற்றாய் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டால், லாப சதவீதத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். விற்பனைத் தொகையை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதைவிட, உங்களிடம் கேள்வி கேட்கும் ஐந்து பேருக்கும் பதில் ஒரே பக்கத்திலிருந்து போனால், ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குச் சொன்னதோடு இடிக்காது.

200 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் தலையில் தேதி, டோக்கன் எண், கிளம்பிய நேரம், கரை சேர்ந்த நேரம், டிரைவர் பெயர், ஆட்களின் பெயர். அதன் கீழ் டீசல்: டேங்கில் இருந்தது, ஊற்றியது, திரும்பியபோது மிஞ்சியது, மூன்றும் லிட்டரில். ஊற்றியதை மட்டும் எழுதினால் எந்த நாள் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. இன்ஜின் கெடப் போவதை முதலில் சொல்வது அந்தக் கணக்குதான். பிறகு ஐஸ், சாப்பாடு, இறக்குக் கூலி. அடுத்த பாதியில் சரக்கு: வகை, கிலோ, விலை, யாருக்கு, சீட்டு எண், ரொக்கமா வங்கியா. கடைசியில் பங்கு பிரித்த தொகையும் டிரைவர் கையெழுத்தும்.

இதில் வழக்கமாகக் கெடும் இடங்கள் சில. முதலாவது, கழிவு போக எழுதுவது. வியாபாரி 30,000 ரூபாய் சரக்கு எடுத்து, முன்பணத்தில் 5,000 பிடித்துக்கொண்டு 25,000 கொடுத்தால், நீங்கள் விற்பனை 25,000 என்று எழுதுகிறீர்கள். தவறு. விற்பனை 30,000, கடன் திருப்பியது 5,000 என்று இரண்டு வரி. அப்படி எழுதாவிட்டால் விற்பனையும் குறைந்து தெரியும், கடனும் அடையாதது போல நிற்கும். மூன்று வருடம் கழித்து 'இன்னும் 3 லட்சம் பாக்கி' என்று அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. எடையில் கழிக்கும் கிலோவையும் இதே போலத் தனியாக எழுதுங்கள்.

இரண்டாவது, ஆட்கள் பெயர். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் வேறொருவர் ஏறினால் டோக்கன் விவரத்தில் பழைய பெயரே நிற்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் என்று இருக்கிறது. காப்பீடு ஆளின் பெயரில் இருந்தாலும், அன்று அவர் உங்கள் படகில் இருந்தார் என்று காட்ட முடியாவிட்டால் அந்தக் குடும்பம் அலைய வேண்டிவரும். ஏறிய ஆளின் பெயரை அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது. அப்படி எழுதிய நோட்டு பார்த்தவுடனே தெரிந்துவிடும்: எல்லா நாளும் ஒரே மையில், முழு எண்ணாக இருக்கும். கம்பெனிச் சீட்டுகள் பல ஒரே வருடத்தில் வெளுத்துப் போகும் தாளில் அச்சாகின்றன. அன்றன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். நோட்டையும் சீட்டையும் 8 ஆண்டு தூக்கிப் போடாதீர்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான்; நீங்கள் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடல் மீன் ஏற்றுமதி செய்ய, அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்ற பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். 2010 ஜனவரி முதல் இந்த விதி இருக்கிறது. இந்தியாவில் அதைக் கொடுப்பது எம்பீடா என்னும் கடல் உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். கேட்பது ஏற்றுமதி கம்பெனி. அதற்கு அடிப்படை படகின் பதிவு எண், உரிமம், பிடித்த தேதி, வலை வகை, மீன் வகை, எடை. 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் இந்தச் சான்றிதழ்களை ஒரே கணினி அமைப்பில் ஏற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. முன்பு காகிதத்தில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்காமல் போனது இப்போது எளிதாக ஒப்பிடப்படும்.

நீங்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? வேறு படகின் இறால் உங்கள் எண்ணில் ஏறலாம். நீங்கள் 60 கிலோ கொடுத்த நாளில் 400 கிலோ என்று நிரப்பலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைக்காலத்தில் ஒரு தேதியோ, பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள் என்ற முறையில் உங்களுக்கு டோக்கனே இல்லாத ஒரு நாளோ விழலாம். அப்போது தடைக்காலத்தில் கடலுக்குப் போன படகு என்று உங்கள் உரிமத்தின் மேல் கேள்வி வரும். உங்கள் விற்பனையை விடக் கூடுதல் சரக்கு உங்கள் பெயரில் போயிருந்தால், மிச்சப் பணம் எங்கே என்று வரித் துறையும் கேட்கலாம்.

இனிமேல் தேதி, வகை, கிலோ மூன்றும் நிரப்பிய தாளில் மட்டும், நோட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலியாக உள்ள வரிகளைக் குறுக்கே கோடிட்டு அடியுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்த தாள்களுக்கு, 'என் படகின் பெயரில் சமர்ப்பித்த விவரங்களின் நகல் வேண்டும்; இன்ன தேதிக்கு முன் கொடுத்த நிரப்பாத தாள்களைப் பயன்படுத்த வேண்டாம்' என்று கம்பெனிக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். சண்டை போட வேண்டாம். நாளைக்குக் கேள்வி வந்தால் நீங்கள் முன்பே எழுதிக் கேட்டீர்கள் என்பதற்கு அந்தத் தபால் ரசீது நிற்கும். ஏஜென்ட் கோபித்துக்கொண்டு விலையில் கை வைப்பார் என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவருக்கும் சரியான விவரம் இல்லாமல் சரக்கு நகராது; நிரப்பிய தாளைக் கொண்டுவரச் சொல்வதில் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான் தடை.

கரையில் கணக்கெடுப்பவரிடம் குறைத்துச் சொன்னது

தப்புதான்; ஆனால் தண்டனைக்குரிய தப்பு என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். கரையில் இப்படிக் கணக்கெடுப்பது வழக்கமாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்.  அதன் ஆட்கள் எல்லாப் படகையும் கணக்கெடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த நாளில், தேர்ந்தெடுத்த சில படகுகளின் பிடிப்பைக் குறித்து, அதிலிருந்து மொத்தக் கரைக்கும் மதிப்பிடுகிறார்கள். எனவே உங்கள் ஒரு படகில் பாதியாகச் சொன்னது, உங்களைப் போன்ற பல படகுகளின் கணக்கிலும் பாதியாக இறங்கும். இந்தக் கடலில் இவ்வளவுதான் மீன் என்று பதிவானால், துறைமுகம் கேட்கும்போதும் நட்டஈடு கேட்கும்போதும் அந்த எண்ணையே எதிரில் வைப்பார்கள்.

அவர்கள் குறிப்பது வரித் துறைக்குப் போவதற்கு அல்ல. புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், 2008இன் கீழ் அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பு என்றால், தனி ஆள் விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்று சட்டமே சொல்கிறது. வரித் துறைக்கு உங்கள் விற்பனை தெரிய வேறு வழி இருக்கிறது, அடுத்து வருகிறேன். எச்சரிக்கை ஒன்று மட்டும்: மீன் எடை கேட்பவருக்கு ஆதார் எண்ணும் வங்கி எண்ணும் ஓடிபியும் தேவையில்லை. தேசிய மீன்வள மின்னணுத் தளத்தில் பதிய ஆதார் கேட்பார்கள். அது நலத்திட்டங்களுக்காக நீங்களாகச் செய்துகொள்ளும் தனிப் பதிவு.

ரொக்கம், மூன்று பெயர்ச் சீட்டு, முன்பணம்

உங்களிடம் வாங்கும் ஏற்றுமதி கம்பெனியின் முந்தைய ஆண்டு விற்பனை 10 கோடிக்கு மேல் இருந்தால், ஒருவரிடம் 50 லட்சத்துக்கு மேல் வாங்கும் தொகைக்கு 0.1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். உங்களிடம் வாங்கியது 52.5 லட்சம். கூடுதல் 2.5 லட்சத்துக்கு 250 ரூபாய். சில்லறைக் காசுதான், தாக்கல் செய்தால் திரும்பியும் வரும். ஆனால் அந்த 250 ரூபாயோடு விற்பனைத் தகவலும் உங்கள் பான் எண்ணில் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகிறது. பான் கொடுக்காமல் இருந்தால் பிடித்தம் 5 சதவீதம், அதாவது 12,500. தாக்கல் செய்யும் முன் அந்த அறிக்கையை இறக்கிப் பார்த்து உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்.

வியாபாரி மூன்று பெயரில் சீட்டு போடுவது தேவையே இல்லாத வேலை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் அந்தச் செலவை வரியில் கழிக்க முடியாது என்பது பொது விதி. மீனை நேராக மீனவரிடம் வாங்கும்போது அந்த விதிக்கு விலக்கு உண்டு; பழைய வருமான வரி விதிகளில் 6டிடி என்ற எண்ணில் இருக்கிறது. பிடித்த மீனைக் கரையில் தரம் பிரித்து விற்கும் மீனவத் தலைவருக்கும் இது பொருந்தும் என்று நேரடி வரிகள் வாரியம் 2008இல் சுற்றறிக்கை 10இல் தெளிவாக்கியது. இடைத்தரகரிடம் வாங்கினால் மட்டும் விலக்கு இல்லை. உங்கள் படகு எண் உள்ள சீட்டே நீங்கள் மீனவர் என்பதற்கு அவருக்கு ஆதாரம். பொய்ப் பெயரில் போட்டால் அந்த விலக்கை அவரே இழக்கிறார், உங்கள் விற்பனையும் சிதறுகிறது. இதை அவரிடம் நல்லபடியாக எடுத்துச் சொல்லுங்கள்; அவருடைய கணக்கர் ஒத்துக்கொள்வார்.

ஆனால் இன்னொரு வரம்புக்கு இந்த விலக்கு இல்லை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். தினம் 30,000 வாங்கும்வரை பிரச்சினை இல்லை. 'மாதக் கடைசியில் மொத்தமாக முடித்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். 13 நாள் பாக்கி சேர்ந்தால் 3.9 லட்சம். அதை வங்கியில் போடச் சொல்லுங்கள்.

ஜூனில் வாங்கிய 3 லட்சத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது, திருப்பியும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. மீறினால் அதே தொகை அளவுக்கு அபராதம் விதிக்க இடம் உண்டு. இது சரக்குக்கான முன்பணம், கடன் அல்ல என்று வாதாடலாம்; ஆனால் ஒரே நாளில் வாங்கியிருந்தால், மேலே சொன்ன 2 லட்ச வரம்பை அது அப்போதும் தாண்டுகிறது. ஒவ்வொரு நாள் சரக்கிலும் கழிந்துகொண்டே வந்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. வட்டியோடு ரொக்கமாகத் திருப்பினால், அல்லது கழியாமல் ஆண்டுக் கணக்கில் நின்றால் வலு குறையும். அதனால் மிச்சம் உள்ளதை இனி ரொக்கமாகத் திருப்பாதீர்கள். சரக்கில் கழியுங்கள் அல்லது வங்கி வழியே அனுப்புங்கள். 'இன்ன தேதியில் சரக்குக்கான முன்பணம் 3 லட்சம், இதுவரை கழிந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு' என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இப்போதே வேண்டும். அதில் இன்றைய தேதியைப் போடுங்கள். பழைய தேதி போட்டால் அதுவே தனிக் குற்றமாகும்.

முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நண்டுக்கு மற்ற வியாபாரி கொடுக்கும் விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார் என்றும் இரண்டு வரி தள்ளி எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு 40 கிலோ நண்டு என்றால் 800 ரூபாய். 105 நாளுக்கு 84,000. 3 லட்சத்துக்கு 28 சதவீத வட்டி. மீனவர் கிசான் கடன் அட்டையில் ஒழுங்காகத் திருப்புபவருக்கு 4 சதவீதத்தில் பணம் கிடைக்கிறது. முழு 3 லட்சமும் கிடைக்காவிட்டாலும் ஒரு பகுதியை அதில் மாற்றுங்கள். வங்கி கேட்பது படகுப் பதிவு, உரிமம், விற்பனை விவரம். நோட்டும் ஐடிஆர்-4 நகலும் இங்கே வேலைக்கு வரும்.

மீதிக் கேள்விகள்

ஜிஎஸ்டி எடுக்க வேண்டாம். பச்சை மீனுக்கும் ஐஸில் வைத்த மீனுக்கும் வரி இல்லை. வரி விலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. எடுத்துவிட்டால் விற்பனை இல்லாத மாதத்துக்கும் அறிக்கை போட வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம்.

நீங்கள் கேட்காத ஒன்று. 2025 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, 12 கடல் மைலுக்கு அப்பால் தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன் பிடிக்கும் விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மீன்பிடிப் படகுகளைப் பதியும் மத்திய அரசின் ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். பாரம்பரிய, சிறு மீனவர் படகுகளுக்கு அது தேவையில்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆழத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

தம்பியின் பைபர் படகு மீனையும் உங்கள் சீட்டிலேயே போட்டு விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் விற்பனை உங்கள் 84 லட்சத்தில் சேருகிறது. நீங்கள் கரையில் நிற்க வேண்டிய நாட்டுப்படகு நாட்களில் விசைப்படகு எண்ணில் சரக்கு இறங்கியதாகச் சீட்டு பேசுகிறது. ஐரோப்பிய விதியில் 12 மீட்டருக்குக் குறைந்த, இழுவை வலை இல்லாத படகுகளுக்கு எளிய பிடிப்புச் சான்றிதழ் உண்டு. பல சிறு படகுகளின் சரக்கை ஒரே சான்றிதழில் ஏற்றுமதியாளரே சேர்த்துவிடலாம். உங்கள் எண்ணில் விற்கும்வரை அந்தச் சலுகை தம்பிக்குக் கிடைக்காது. அவர் பெயரில் பான், வங்கிக் கணக்கு, அவர் படகு எண் போட்ட தனிச் சீட்டு, தனி நோட்டு. அவருடைய நோட்டில் டோக்கன் எண்ணுக்குப் பதில் கிளம்பிய இடம், வலை வகை என்று எழுதிக்கொள்ளட்டும். மீதிப் பக்கம் உங்களுடையது மாதிரியே இருக்கலாம்.